கோடு இறங்கிய இரண்டு வாரம்

தம்பி,

உன் கடுதாசி இன்று, வியாழக்கிழமை, காலையில் வந்து சேர்ந்தது. சுகம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்வோம், இடம் இல்லாவிட்டால் விட்டுவிடுவோம். பட்டணத்துச் சுகாதார ஆபீசில் சேர்ந்து நீ முதல்முதலாக எழுதின பாராவை நகல் எடுத்து, அதற்கு மேலே இருந்த கோட்டுப் படத்தையும் பென்சிலால் வரைந்து அனுப்பியிருக்கிறாய். "படிச்சா ஒங்க பிள்ளை எழுதினதுன்னு தெரியும்ப்பா" என்று வேறு கீழே ஒரு வரி. தெரிகிறது, நல்லாவே தெரிகிறது. அதனால்தான் அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போகிற வரைக்கும் நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொடும்பாளூர்ப் பக்கத்து ஊர்களில் வைசூரி கண்டவர்களின் கோடு மாசி முழுக்க ஏறி, பங்குனியில் இரண்டு வாரமாகச் சடசடவென்று இறங்கித் தரையைத் தொட்டிருக்கிறது. அதற்குக் கீழே நீ எழுதியிருப்பது இது: "நோய் முற்றிலும் அடங்கிவிட்டது தெளிவு. அம்மை குத்தும் பணி செவ்வனே நடந்ததே இதற்குக் காரணம். ஆகவே அங்குள்ள ஊழியர்களை வேறு தாலுகாவுக்கு மாற்றலாம்." திங்கட்கிழமை அதிகாரி கையெழுத்துப் போடுகிறார், அன்றைக்கே உத்தரவு போய்விடும் என்றும் எழுதியிருக்கிறாய். இந்தப் பாராவை நான் ஏற்கனவே படித்திருக்கிறேன். படித்திருப்பது என்ன, எழுதியே இருக்கிறேன், பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. நான் இங்கிலீஷில் எழுதினேன், நீ தமிழில் எழுதியிருக்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். அதில் என்ன ஆச்சு என்பதை உன்னிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமைக்குள் நீ அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

நான் சமஸ்தானத்து ஆபீசில் சேர்ந்தவன் என்பது உனக்குத் தெரியும். சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தபோது எங்கள் நாற்காலிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. எங்களுக்கு மேலே உட்காருகிறவர்கள்தான் மாறினார்கள். "சமஸ்தானத்து ஆளுங்களா, சாவகாசமாத்தான் வேலை பாப்பாங்க" என்று புதிதாக வந்தவர்கள் எங்கள் காது கேட்கவே பேசுவார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று ஒரு பட்டியல் தயாராகிறதாக வருஷக்கணக்காகப் பேச்சு ஓடியது. எனக்கு அந்தப் பட்டியல் பயம் இருந்துகொண்டே இருந்தது. ஒரு காகிதத்தை இரண்டு மணிக்குக் கேட்டால் ஒன்றரைக்கே கொண்டுபோய் வைப்பேன். சுகாதார ஆபீசில் எனக்குக் கொடுத்த வேலை இந்தக் கோடு போடுகிற வேலை. ஒவ்வொரு ஊர் மணியகாரரும் வாராவாரம் ஒரு கார்டு எழுதிப் போடுவார், தன் ஊரில் எத்தனை பேருக்கு வைசூரி கண்டிருக்கிறது என்று. நான் கார்டுகளைக் கூட்டி, கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைத்து, போன வாரத்துப் புள்ளியோடு சிவப்பு மையால் சேர்ப்பேன். தாளுக்குக் கீழே ஒரு பாரா எழுதணும். கோட்டைப் பார்க்க நேரம் இல்லாத பெரிய மனிதர்கள் பாராவை மட்டும் படித்துவிட்டு உத்தரவு போடுவார்கள். உத்தரவு போடுவது கோட்டை வைத்து இல்லை, எழுதுகிறவனுடைய வார்த்தையை வைத்து என்பது எனக்கு அப்போதே தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

அந்த வருஷமும் இதே மாதிரிதான், ஊர்களும் இதே ஊர்கள்தான். உன் அம்மா பிறந்த ஊரும் அதைச் சுற்றின ஏழெட்டு ஊரும் சேர்ந்து மாசியில் கோடு ஏறிக்கொண்டே போச்சு. அம்மை குத்துகிறவர்களை அங்கே கொண்டுபோய்ப் போட்டிருந்தோம். பங்குனி பிறந்ததும் ஒரு வாரம் கோடு நாலு கட்டம் இறங்கியது, அடுத்த வாரம் தரைக்கே வந்துவிட்டது. வந்த கார்டு எல்லாவற்றிலும் "இல்லை, இல்லை" என்றே எழுதியிருந்தது. ஆட்களை வேறு தாலுகாவுக்கு அனுப்பச் சொல்லி திருச்சியிலிருந்து நெருக்கடி. அதிகாரி என் மேஜைக்கே வந்து நின்றார். "ரெண்டு வாரம் எறங்கியிருக்கே, போதாதா? எழுதிக் கொண்டாங்க." அவர் என் மேஜைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நானும் எழுதினேன். கோடு இறங்கியது என்று எழுதினதோடு நிறுத்தியிருக்கலாம். நோய் அடங்கியது என்று எழுதினேன். அதோடாவது விட்டிருக்கலாம். எங்கள் வேலையால்தான் அடங்கியது என்றும் சேர்த்தேன், அதிகாரிக்குப் பிடிக்கும் என்று. தம்பி, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எத்தனை தூரம் தாண்டினேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

மையே காயவில்லை, தாவூது பாய் வந்துவிட்டார். அம்மை குத்துகிறவர், மீமிசல்காரர், ஊர் ஊராக சைக்கிளில் சுற்றிச் சுற்றி ஆள் கருத்துப்போயிருப்பார். என் தாளை நின்றபடியே பார்த்தார்.

"கோடு எறங்கியிருக்குங்க, சரிதான். நோவு எறங்குச்சுன்னு யாரு சொன்னா?"

"கார்டு சொல்லுது."

"அந்தப் பக்கம் ஏழெட்டு ஊருக்கும் ஒரே ஆத்தா கோயிலுங்க. பங்குனி மொத வாரமே காப்புக் கட்டியாச்சு. மஞ்ச நீராட்டு முடியிற மட்டும் எந்த வூட்டுலயும் என்னை உள்ள விடமாட்டேங்கிறாங்க. அம்மை இருக்கான்னு கேட்டா வாயில அடிச்சுக்கிறாங்க. நாங்க வெளியூரு ஆளுக, எங்களுக்கே தெரியுது. ஒங்களுக்குத் தெரியாதாங்க?"

எனக்குத் தெரியும்டா. நான் அந்த ஊர் மாப்பிள்ளை. காப்புக் கட்டிவிட்டால் ஒரு மாசத்துக்குக் கிட்ட அதை நோவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறாள் என்பார்கள், அதையும் வீட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்வார்கள். ஆத்தாளை நோவு என்று எழுதி சர்க்காருக்குக் கார்டு போடுவது கோள் சொல்கிற மாதிரி. மணியகாரர்தான் கோயில் காரியத்துக்கும் முதல் ஆள், அவர் வலது கையில்தான் முதல் காப்பு. இதெல்லாம் தெரிந்த ஒரே குமாஸ்தா அந்த ஆபீசில் நான்தான். திருச்சியிலிருந்து வந்தவனுக்குத் தெரியாமல் போகலாம். தெரிந்தவனை அந்த மேஜையில் உட்கார வைத்திருந்ததே அதற்குத்தானே. பாயிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒம்ம வேலை குத்துறது, எழுதுறது என் வேலை. போய்ச் சைக்கிளைத் துடையும்." அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் அவரையும் மற்றவர்களையும் அங்கேயிருந்து எடுத்துவிட்டார்கள்.

இனி சொல்லப்போவதை எழுதத்தான் எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. என் பாரா கையெழுத்தாகி, முத்திரை விழுந்து, நகல் என் கோப்புக்குத் திரும்பி வந்தபோது அதிகாரி "நல்லா எழுதியிருக்கீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் என் பாராவை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். சிரிக்காதே, நடக்கிறதுதான். உன் அம்மா திருவிழாவுக்குப் பிறந்த வீட்டுக்குப் போகணும் என்று மாசியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், அம்மை கிடக்கிறது என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் திருக்கோகர்ணத்து வீட்டு வாசல்படி ஏறும்போதே சொன்னேன்: "ஒங்க ஊர்ல நின்னுபோச்சு. சர்க்காருக்கு எழுதிக் கொடுத்ததே நாந்தான். கெளம்பு." உனக்கு அப்போது ஆறு வயசு. கைக்குழந்தையில் உனக்குக் குத்தின இடத்தில் கொப்புளம் எழும்பவில்லை, திரும்பக் குத்தணும் என்று பாய் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். ஒரு தடவை உனக்குச் சளி, இன்னொரு தடவை எனக்கு அவசரம். சுகாதார ஆபீஸ் குமாஸ்தா வீட்டுப் பிள்ளைக்கு இந்த லட்சணம். அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நான்தான் டிக்கெட் வாங்கிக் கொடுத்து ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து உன் சித்தப்பா வந்தார், சித்தி வீட்டுக்காரர். "தம்பிக்கும் செல்லத்துக்கும் ஆத்தா வந்திருக்கு. அண்ணி ஒங்களை வரச் சொல்லுது" என்றார். செல்லம் சித்தியின் மகள், நாலு வயசு. காப்புக் கட்டின ஊரைவிட்டு அவர் வந்ததே தப்பு, ஆனாலும் வந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் வேப்பிலைமேல் கிடந்தீர்கள். உன் கண் மூடியிருந்தது, இமைமேல் எல்லாம் முத்து. "அப்பா" என்று கூப்பிட்டாய், ஆனால் வேறு பக்கம் பார்த்துக் கூப்பிட்டாய். உன் அம்மா என்னிடம், "சத்தம் போடாதீங்க, ஆத்தா எறங்கிருவா" என்றாள். அவளுக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் என்னை அங்கே உட்காரவிடாமல் அடித்தது. எழுந்து தெருவில் இறங்கி நடந்தேன். வாசலுக்கு வாசல் வேப்பிலைக் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. என் தாளில் தரையோடு கிடந்ததே ஒரு புள்ளி, அது இந்தத் தெருதான்.

மணியகாரர் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "கார்டுல இல்லைன்னு எழுதிப் போட்டீங்களே, என்ன மனுசன் நீங்க?" அவருக்குக் கோபம் வரவில்லை. மஞ்சள் காப்புக் கட்டின கையைக் காட்டினார். "இந்தக் கையால அந்தப் பேரை எழுதச் சொல்றீங்களா மாப்ளே? எல்லாம் மனசுல வச்சிருக்கேன், எந்த வூடு, எந்தப் புள்ளைன்னு. மஞ்ச நீராட்டு முடிஞ்சு காப்பு அவுந்ததும் மொத்தமா எழுதிப் போட்டுருவேன். வருசா வருசம் அப்படித்தானே. ஒங்களுக்குத் தெரியாதா?" பாய் கேட்ட அதே கேள்வி.

செல்லம் அன்றைக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தாள். உனக்கு ஒன்பதாம் நாள் கண் திறந்தது, இரண்டு கண்ணும் பிழைத்தன. உன் முகத்தில் இருக்கிற தழும்புக்கு அம்மா சொல்கிற கதை உனக்குத் தெரியும், ஆத்தா ஆசையாகப் போட்ட முத்து என்பாள். அவள் அப்படியே நம்புகிறாள். எனக்கு அது நான் எழுதின பாரா. நீ எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது நான் இலையைப் பார்த்தே பேசுவேன், அப்பாவுக்கு எப்போதும் என்மேல் எரிச்சல் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு தடவை கேட்கவும் கேட்டாய். எரிச்சல் உன்மேல் இல்லையடா, என்மேல்தான்.

இத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. காப்பு அவிழ்ந்ததும் கார்டுகள் கட்டாக வந்தன. கோடு தாளை மீறி ஏறி, மேலே இன்னொரு தாளை ஒட்ட வேண்டியதாச்சு. ஏன் ஏறியது, எழுதிக் கொண்டாங்க என்றார் அதிகாரி. போன தடவை நான் எழுதினது தப்பு என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கணும். பட்டியல் பயம். "அம்மை குத்தும் ஊழியர்கள் பல வீடுகளை விட்டுவிட்டனர்" என்று எழுதினேன். அதில் பொய் இல்லை பார், விட்டார்கள்தான். யார் உள்ளே விடவில்லை, ஏன் விடவில்லை என்பதை எழுதவில்லை, அவ்வளவே. தாவூது பாய்க்கு மெமோ போச்சு, மலைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "பையன் கண்ணு நல்லா தெரியுதுங்களா?" என்று மட்டும் கேட்டார். தெரியுது என்றேன். "அல்லா காப்பாத்துனான்" என்று சொல்லிவிட்டு நடந்து போனார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

இப்போது உன் பாராவுக்கு வாரேன். அங்கே நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே அடங்கியிருக்கலாம், இப்போது காலம் மாறியிருக்கிறது, நிறையப் பேர் குத்திக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் "தெளிவு" என்று போட்டிருக்கிறாயே, அந்த வார்த்தையைப் பார்த்துத்தான் இத்தனையும் எழுதுகிறேன். கோடு இறங்கினால் கோடு இறங்கியது என்று எழுது, அது உன் கண் பார்த்தது. இத்தனை ஊரிலிருந்து இல்லை என்று கார்டு வந்தது என்று எழுது, அது உன் மேஜையில் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு அடி வைக்கிறதுக்கு முன்னால் அந்தப் புள்ளியை வைத்தவன் யார், எந்த மாசம், அவன் கையில் என்ன கட்டியிருந்தது என்று கேள். ஒரேயடியாகச் செங்குத்தாக இறங்குகிற கோட்டைக் கண்டால் சந்தோஷப்படாதே, முதலில் சந்தேகப்படு. நோய் படுத்துப் படுத்துத்தான் போகும், ஒரே வாரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போகாது. காரணம் தோன்றினால் தோன்றுகிறது என்று எழுது, நிச்சயம் என்று எழுதாதே. இப்படி எழுதினால் பாரா சப்பென்று இருக்கும், அதிகாரி மூஞ்சியைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இதுவரைக்கும் வியாழக்கிழமை எழுதினது. எழுதி முடித்ததும் உன் அம்மாவை உட்கார வைத்து முழுக்க வாசித்தேன். உனக்குச் சொல்லிவிட்டு அவளுக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். செல்லம் பேர் வந்த இடத்தில் கை நின்றுபோச்சு. அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தப் பாய் வந்து சொன்னப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுகிற சத்தமாவது கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். எங்கே என்று கேட்டேன். "எங்க ஊருக்கு. போயிட்டுச் சாயந்தரம் வாரேன்" என்றாள். நானும் வருகிறேன் என்றேன், அவள் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். நாள் முழுக்க நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அஞ்சரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள், கால் முழுக்கப் புழுதி. இரண்டு செம்பு தண்ணீர் குடித்தாள். இருக்கா, எத்தனை பேருக்கு என்று கேட்டேன்.

"எத்தனைன்னு கேக்காதீங்க. பேரு சொல்றேன், எழுதுங்க."

வெளியூர் ஆள் கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டார்கள், அந்த ஊர்ப் பெண் ஆனதால் அடுப்படி வரைக்கும் விட்டிருக்கிறார்கள். அவள் சொல்லச் சொல்ல எழுதினது இது. மேலத்தெரு ராசாத்தி, மூன்று வயசு. கொல்லன் வீட்டு முருகையன், ஏழு வயசு. சித்தி வீட்டுக்கு எதிர்வீடு, பிறந்து பேர் வைக்காத பெண் குழந்தை. தெற்குத்தெரு பழனியாயி, முழுகாமல் இருக்கிற பெண். இன்னும் இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லையாம். உன் கோட்டில் இவர்கள் யாரும் இல்லை. காப்பு அவிழ இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, அதுவரைக்கும் இருக்கவும் மாட்டார்கள். உன் பாராப்படி ஆட்களை எடுத்துவிட்டால், காப்பு அவிழ்ந்து கதவு திறக்கும்போது அந்தத் தெருக்களில் இன்னும் முத்துப் போடாத பிள்ளைகளுக்குக் குத்த யாரும் இருக்கமாட்டார்கள்.

தபாலை நம்பி இதைப் போடப் பயமாக இருக்கிறது. இன்றைக்குச் சனிக்கிழமை, ரயிலில் நானே வருகிறேன், நாளை ஞாயிறு காலையில் உன் அறை வாசலில் நிற்பேன். நேரில் வருகிறவன் கடுதாசி எதுக்குக் கொண்டுவருகிறான் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. கடுதாசியைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்கிறேன், நீ படித்து முடித்துவிட்டுக் கூப்பிடு. கூப்பிடாவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். ஆனால் பாராவை மாற்றி எழுதாமல் இருக்காதே.

நேற்று உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதும்போது ஒன்று தோன்றியது. இந்தத் தடவையாவது பாராவை நான் ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அவன் நகல் எடுத்துக் கையெழுத்துக்கு வைக்கட்டும் என்று புதுத்தாள் எடுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். வாசித்ததிலிருந்து என் முகத்தைப் பார்த்து அவள் பேசினது அப்போதுதான்.

"நீங்க எழுதாதீங்க. அவன் எழுதட்டும்."

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அப்பா